வீடு வீடாகக் கட்டிவைத்த புத்தகங்கள்: ஒரு காரைக்குடிக் கடை பற்றி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் மங்குச் சட்டியைப் பார்ப்பார்கள், பித்தளைப் பூட்டைப் பார்ப்பார்கள், பர்மா தேக்கில் கடைந்த கட்டில் காலைத் தட்டிப் பார்ப்பார்கள். காகிதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தெருவை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு வீட்டின் முகப்பை மட்டும் வாடகைக்கு எடுத்து, புத்தகம், சினிமாப் பாட்டுப் புத்தகம், கேசட் இந்த மூன்றை மட்டும் வைத்து வியாபாரம் செய்கிற ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, கடைக்காரரும் தன் பேரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் இதில் அவர் வெறும் அண்ணன்தான். அக்கம்பக்கத்தில் 'பேப்பர்க்காரர்' என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைந்த ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது, அது பின்னால்.

இந்தப் பக்கம் ஒரு பெரிய வீடு பிரிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் வருவார்கள். தூணுக்கும் நிலைக்கும் ஒருத்தர், ஓட்டுக்கு ஒருத்தர், கண்ணாடிக்கு ஒருத்தர். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுமாக இருப்பார்கள், லீவு எடுத்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே கிளம்புவார்கள், வீட்டு இரண்டாம் முற்றத்துப் பக்கம் அலமாரியில் இருக்கிற புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, அது கடைசியில் எடைக்குப் போகும். அண்ணன் அதற்கு முன்னால் போய், எடைக் காசுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார். இதுவரை எல்லாப் பழைய புத்தகக்காரரும் செய்வதுதான். ஆனால் இவர் ஒரு வீட்டில் வந்ததை இன்னொரு வீட்டில் வந்ததோடு கலக்கமாட்டார். சணல் கயிற்றால் கட்டி, மேலே ஒரு அட்டையில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிவைப்பார். 'கண்டனூர், 3 கட்டு.' 'பள்ளத்தூர், சின்னது.' 'நெற்குப்பை, ஈரம் பட்டது.' குடும்பப் பெயரோ இனிஷியலோ வெளியே தெரியாது. ஆறு மாதம் வரை கட்டைப் பிரிக்கமாட்டார், முழுசாக எடுத்தால்தான் கொடுப்பார். அப்புறமும் போகாததை அவிழ்த்து உதிரியாக அடுக்குவார். திண்ணையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவைக்கலாம், அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார், முடிச்சைச் சரியாகப் போடவில்லை என்றால் மட்டும் முணுமுணுப்பார்.

நான் போவது இந்தக் கட்டுகளுக்காகத்தான்.

படிக்கிற புத்தகத்தையும் பார்க்கிற படத்தையும் வைத்து ஆளை எடைபோடுவது எல்லாரும் செய்கிற வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையிடம் 'என்ன படம் பிடிக்கும்' என்று கேட்கிறார்கள், அவன் பெண் என்ன நினைக்கும், மாமனார் என்ன நினைப்பார் என்று ஒரு கணக்குப் போட்டு ஏதோ ஒரு பேரைச் சொல்கிறான், அதை வைத்து இரண்டு வீடும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பிடித்த ஒன்றைச் சொல் என்றால் யாராக இருந்தாலும் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசையோ அதைத்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான். இந்தக் கடைக்கு வருகிற கட்டுகளில் அந்தச் சௌகரியம் யாருக்கும் இல்லை. அலமாரி அப்படியே வந்து இறங்கியிருக்கிறது. தேவாரத்துக்குக் கீழே குதிரைப் பந்தயக் குறிப்பு, திருக்குறள் உரைக்குள் டாக்டர் சீட்டு, ஹோமியோபதி கையேட்டுக்குப் பக்கத்தில் வரவு செலவு நோட்டு. ஒரு புத்தகத்தை வைத்து ஒரு ஆளைச் சொல்லவே முடியாது, எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று பார்த்தால்தான் கொஞ்சமாவது பிடிபடும் என்பது என் கட்சி. அதிலும் தப்பாகப் போவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

அந்தக் கண்டனூர்க் கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலாகப் பார்த்தால் பழுத்த சைவர் வீடு. கோவிலூர் மடத்து வழியில் படிக்கிற வேதாந்த நூல்கள், பன்னிரு திருமுறை, தலபுராணங்கள், ஒன்றிரண்டில் விபூதி உதிர்கிறது. நடுக்கட்டை அவிழ்த்தால் சுயமரியாதைக்காரர்கள் போட்ட பிரசுரங்கள் ஒரு அடுக்கு, அதுவும் ஓரம் மடித்து, பென்சிலில் கோடு போட்டு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. கூட வந்திருந்த நண்பர் 'வீட்டில் அண்ணன் தம்பி சண்டை போலிருக்கிறது' என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரைக்குடியே அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1917இல் இங்கே இந்து மதாபிமான சங்கம் வைத்தார்கள், 1919இல் பாரதி வந்து அந்தச் சங்கத்தைப் பாடிவிட்டுப் போனார். அதே ஊரில் சுயமரியாதைக்காரரான சொ. முருகப்பா 'குமரன்' பத்திரிகை நடத்தினார், விதவை மறுமணத்துக்கென்றே 'மாதர் மறுமணம்' என்று ஒரு பத்திரிகை 1936இல் இங்கிருந்து வந்தது. ஒரே சந்தாதாரர் இரண்டு பக்கமும் படித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காலையில் கோவிலூருக்குப் போய் வேதாந்தம் கேட்டுவிட்டு, மாலையில் 'இந்தச் சடங்கெல்லாம் எதற்கு' என்று எழுதியதைப் படித்து ஓரத்தில் 'சரிதான்' என்று குறித்திருக்கிறார் மனிதர். (உண்மையாகவே ஒரு இடத்தில் 'சரிதான்' என்று இருக்கிறது. சம்மதமா நக்கலா என்று தெரியவில்லை.) பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசன் நாத்திகம் பேசிய கட்சியில் இருந்துவிட்டு, பின்னால் இந்து மதத்தைப் பற்றியே வரிசையாகப் புத்தகம் போட்டார், அவருடைய இரண்டு காலத்துப் புத்தகமும் ஒரே அலமாரியில் இருக்கிற வீடுகள் இங்கே சகஜம். எந்த ஒன்றை வைத்து அந்த வீட்டுக்காரரை ஆத்திகர், நாத்திகர் என்று எழுதுவீர்கள்?

கம்பராமாயணம் இல்லாத கட்டு அபூர்வம். அதற்குக் காரணம் இருக்கிறது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார், வருசா வருசம் பங்குனியில் விழா, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில். விழாவுக்குப் போகிற வீட்டில் கம்பன் இல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை. அதனால் கம்பன் இருக்கிறான் என்பது ஒன்றையும் சொல்லாது. எந்தக் காண்டம் அழுக்காகியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலான கட்டில் பாலகாண்டத்தின் முதல் ஐம்பது பக்கம் கசங்கி, அதற்கு மேல் புத்தம் புதுசாக இருக்கும். ஆற்றுப்படலம், நாட்டுப்படலம் தாண்டுவதற்குள் ஆள் களைத்துவிட்டார் என்று அர்த்தம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, என் பிரதியும் அந்த லட்சணம்தான். சுந்தரகாண்டம் மட்டும் தனியாகக் கிழிந்து தொங்கினால் வீட்டில் யாரோ கஷ்டத்தில் பாராயணம் பண்ணியிருக்கிறார்கள். பள்ளத்தூர்க் கட்டில் யுத்தகாண்டம் மட்டும் எண்ணெய்க் கறையோடு உப்பியிருந்தது, அது எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடைக்குப் புதிதாகப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. எந்தக் கட்டிலும் கிட்டத்தட்டப் பாதி, வீட்டுக்காரர் வாங்கியதே இல்லை. வந்தது. இங்கே அறுபதாம் கல்யாணம் என்றால் புத்தகம் போட்டுக் கொடுப்பார்கள், தோத்திரத் திரட்டு, தேவாரத் தேர்வு, மணிவிழா மலர், குடும்பத்துப் பாட்டன் பூட்டன் வரலாறு. பந்தியிலிருந்து எழுந்து வந்தால் தாம்பூலப் பையோடு அதுவும் கைக்கு வரும். நாலு பேர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் நாலு தேவாரம் சேர்ந்துவிடும். அதைப் பார்த்து 'அடேயப்பா, என்ன பக்தியான வீடு' என்று சொன்னால் சொந்தக்காரர்கள் பக்தியைத்தான் சொல்கிறீர்கள். பள்ளிக்கூடப் பரிசுப் புத்தகம் வாத்தியார் ரசனை. ஆயுள் சந்தாவுக்கு இனாமாக வந்தது தபால்காரர் புண்ணியம். இதையெல்லாம் கழித்துவிட்டு, கையெழுத்தும் தேதியும் விலையும் போட்டு வீட்டுக்காரர் தானே வாங்கியது எது என்று பார்த்தால் ஒரு அலமாரிக்கு ஒரு கைப்பிடி தேறும், அதில்தான் சுவாரசியம் இருக்கிறது. ரங்கூனில் வாங்கிய ஆங்கிலக் கடிதக் கையேடு ஒன்று பார்த்தேன். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகுகிற எடுபிடியாக, கடல்கடந்து கொண்டுவிக்கப் போன பிள்ளை வாங்கியிருப்பான் போல. வியாபாரக் கடிதம் எழுதுகிற பகுதி சுத்தமாக இருக்கிறது, 'நண்பனுக்கு', 'விருந்துக்கு அழைப்பு' பகுதிதான் விரல் பட்டுக் கறுத்துப்போயிருக்கிறது.

ஒருநாள் நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆச்சி காரில் வந்து இறங்கினார். டிரைவர் அட்டைப் பெட்டிகளைத் தூக்கிவந்து வைத்தார். எல்லாம் கலிக்கோ பைண்டு, உரையாசிரியர்கள் வரிசை, பார்க்கவே கனம்.

"எல்லாம் எங்க அப்பச்சி வாங்கினாக தம்பி. கம்பன் விழாவுக்கு ஒரு வருசம் தவறமாட்டாக. நல்லபடியாப் போற இடமாப் பார்த்துக் குடுங்க."

"சரிங்க ஆச்சி. அந்தப் பையில என்ன இருக்கு?"

"அது கிடக்கட்டும்."

"அதுக்கும் சேர்த்துப் போட்டுத் தர்றேன் ஆச்சி."

"அதெல்லாம் காசுக்கா வச்சிருக்கேன்? அது நான் படிச்சது."

பையில் மாத நாவல்கள், பைண்டு செய்த தொடர்கதைகள், தேவகோட்டைக்காரரான தமிழ்வாணனின் துப்பறியும் கதைகள். தொடர்கதையை வார இதழிலிருந்து கிழித்து, வரிசைப்படுத்தி, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவது எவ்வளவு வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் விட்டுப்போனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிச் சேர்க்கவேண்டும். அப்பச்சியின், அதாவது ஆச்சியுடைய அப்பாவின், கலிக்கோவெல்லாம் பணம் கொடுத்தால் கிடைத்தவை. ஆச்சி கையில் பிடித்துக்கொண்டிருந்த பை வருசக்கணக்கில் வாராவாரம் செய்த வேலை. விருந்தாளி வந்தால் முகப்பு அலமாரியில் கலிக்கோ இருக்கும், இந்தப் பை உள்வீட்டில் பெட்டகத்துக்குப் பின்னால் இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'இலக்கியம்', 'குப்பை' என்று பிரிக்கிறவர்களை இந்தக் கடைக்கு அனுப்பவேண்டும். அண்ணன் அன்றைக்குப் பையைக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கேட்டதால்தான் அந்தப் பதில் கிடைத்தது.

சினிமாப் பக்கத்துக்கு வருகிறேன். பாட்டுப் புத்தகங்கள் ஒரு மரப்பெட்டி நிறைய. தியேட்டரில் விற்ற மெல்லிய புத்தகம், கதைச் சுருக்கம் போட்டு, முக்கியமான இடத்தில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்களே, அதுதான். ஒன்று 60 ரூபாயிலிருந்து 300 வரை சொல்கிறார், பழையதும் அட்டை கிழியாததும் அதற்கு மேலேயும் போகும். சேகரிக்கிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்குப் பின்னட்டையில் இருக்கிற கிறுக்கல் வேண்டும். ஒன்றில் எந்தப் பாட்டுக்கு அழுகை வந்தது என்று பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். ஒன்றில் டிக்கெட், கலர், பலகாரம் என்று செலவுக் கணக்கு, கணக்கு எழுதாமல் சினிமா பார்க்கமுடியாத வீடு அது, இந்தப் பக்கத்தில் நம்புகிற மாதிரிதான் இருக்கிறது.

படம் பார்ப்பதிலும் இந்த ஊருக்கு ஒரு தனிக் கண் உண்டு. காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கேதான் ஸ்டுடியோ போட்டார், 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்தது. அப்புறம் அவர் சென்னைக்குப் போனாலும் சினிமா திரும்பத் திரும்ப இந்த ஊருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் படப்பிடிப்பு நடக்காத வருசம் இருக்காது. அதனால் இங்கே ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்த்தால் கதாநாயகன் அழுகிற இடத்தில் பின்னாலிருக்கிற தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'இது அவுக வீட்டு வளவுல்ல?' 'இல்லை, அங்கே கீழே ஆத்தங்குடிக் கல்லு, இது பளிங்கு.' இரண்டரை மணி நேரப் படத்தில் யார் வீட்டு முகப்பு, வாடகை எவ்வளவு கொடுத்திருப்பான், சுவரில் ஆணி அடித்தானா என்பதைத் தவிர ஒன்றும் பேசாத பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. என்ன படம் பிடிக்கும் என்று கேட்டு அவர் குணத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவன் பாவம், அந்தப் படத்தில் எதைப் பார்த்தார் என்று கேட்டிருந்தால் விசயம் வந்திருக்கும்.

கேசட்டுக்கு வந்தால் என்னைக் கடையிலிருந்து கிளப்புவது கஷ்டம். கம்பெனி கேசட் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கியது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறார், ஒன்று 40 ரூபாய். உள்ளட்டையில் நீல மையில் பாட்டு வரிசை. ஒரு கட்டில் வந்தவை 'சோகம் 1', 'சோகம் 2', 'சோகம் 3', அப்புறம் 'பக்தி', அப்புறம் 'டூயட் (புதுசு)' என்று ஒரே கையெழுத்தில் இருந்தன. அண்ணனுக்கு இதில் ஒரு முழு வாழ்க்கையே தெரிகிறது. காதல் தோல்வி, கோயில், கல்யாணம். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி விலையை ஏற்றுகிறார். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சென்டரில் சுவரில் பட்டியல் ஒட்டியிருப்பார்கள், 'அண்ணே, சோகத்துல ஒரு தொண்ணூறு' என்று தொண்ணூறு நிமிட கேசட் கேட்டால் சென்டர்க்காரரே பொறுக்கிப் பதிந்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் சோகம் ரெக்கார்டிங் சென்டர்க்காரர் ரசனைதான். ஆனால் அந்த 'சோகம் 3' இல் இரண்டாம் பக்கத்துக் கடைசியில், பட்டியலில் இல்லாத ஒரு பாட்டை வேறு பேனாவில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்த பதிவு, நடுவில் குக்கர் விசில் கேட்கிறது. அந்த ஒரு பாட்டை வைத்து வேண்டுமானால் அண்ணன் கதை சொல்லட்டும், நான் கேட்கிறேன். அது சோகப் பாட்டே இல்லை, நகைச்சுவைப் பாட்டு.

அண்ணனுக்கு வாடிக்கையாளரையும் எடைபோடுகிற பழக்கம் உண்டு. நீங்கள் எதை முதலில் தொடுகிறீர்கள் என்று பார்த்தே நீங்கள் வாத்தியாரா, வியாபாரியா, ஆராய்ச்சிக்காரரா, சும்மா பொழுதுபோக வந்தவரா என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். சமையல் புத்தகத்தைத் தொட்ட ஒரு பெண்ணிடம் 'புதுசாக் கல்யாணமாம்மா' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், அந்தப் பெண் அழகப்பா பல்கலைக்கழகத்தில் பழைய அச்சு எழுத்துருக்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பதை எழுதப்போவதில்லை.

இப்படித் தரம் பிரிக்காமல் எல்லாக் காகிதத்தையும் சேர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அவர் சேர்த்ததில் பழைய இலக்கியப் பதிப்புகளோடு நாடக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும், தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகமும் இருந்தன. 1992இல் அவர் இறந்தபிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, அதை வைத்துத்தான் சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வந்தது. இன்று அங்கே போய் உட்காருகிற ஆராய்ச்சிக்காரர்களில் பலர் தேடுவது, எந்த வீட்டிலும் முகப்பு அலமாரியில் வைக்காத அந்த நோட்டீஸ்களைத்தான். நம் காலத்துக்கு இப்படி ஒரு கட்டு மிஞ்சுமா என்று அண்ணனிடம் கேட்டேன், போனைக் காட்டிச் சிரித்தார். மிஞ்சும் என்றே நினைக்கிறேன். என் வீட்டு ஓடிடி கணக்கைத் திறந்தால் உலக சினிமாவுக்குப் பக்கத்தில் கார்ட்டூன், அதற்குப் பக்கத்தில் அம்மா பாதியில் நிறுத்திய சீரியல், யாரும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளாத பேய்ப்படம். கயிறு மட்டும்தான் இல்லை.

இனி அந்தக் குறைந்த நட்சத்திரம். கானாடுகாத்தான் கட்டு ஒன்றை நான் பாதி பார்த்து, பணம் புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் கட்டு அவிழ்ந்து கிடந்தது. ஏதோ ஒரு விடுதிக்கு உள்ளலங்காரம் செய்கிறவர்கள் வந்து சிவப்பு, பழுப்பு முதுகு உள்ளதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நூலின் பேரைக்கூடப் பார்க்கவில்லையாம், கையில் கலர் அட்டை வைத்துக்கொண்டு வந்தார்களாம். அளவெடுத்துக் கதவுத் திரை வாங்குகிற மாதிரி.

"என்னண்ணே, ஆறு மாசம் பிரிக்கமாட்டேன்னு சொன்னீங்க?"

"வீட்டு வாடகை மாசா மாசம்ல கேக்குறாக தம்பி."

அவர் பக்கத்து நியாயம் புரிகிறது, கோபம் போகவில்லை. மிச்சம் கிடந்ததில் முதுகு வெளுத்தவை, பிரசுரங்கள், அந்த வீட்டுக்காரர் கைப்பட எழுதிய பாட்டு நோட்டு. விடுதி அலமாரியில் இப்போது யாரோ ஒருவருடைய உரைநூல்கள் நிறப் பொருத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும், அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பவர்கள் 'என்ன ஒரு ரசனை' என்று எழுதுவார்கள். அந்த நோட்டை நான் வாங்கிவந்துவிட்டேன். ஆனால் எதற்குப் பக்கத்தில் இருந்த நோட்டு என்பது போய்விட்டது.

மற்றபடி சின்னக் குறைகள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து என்னவோ ஒரு பொடியைத் தாராளமாகத் தூவுகிறார், தும்மல் உள்ளவர்கள் முகக்கவசத்தோடு போங்கள். மழைக்காலத்தில் முகப்பில் ஒழுகுகிறது, 'ஈரம் பட்டது' என்று எழுதிய கட்டைத் தவிர எழுதாததிலும் ஈரம் இருக்கும், கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். செல்லரித்ததைத் தனியாக வைக்கிற பழக்கம் இல்லை, வாங்கி வந்ததை ஒரு வாரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் வீட்டு அலமாரியில் சேருங்கள். நூலக முத்திரை உள்ள புத்தகத்தை அவரே எடுப்பதில்லை, இது நல்ல விசயம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், ஆனால் எல்லாப் படமும் கட்டின் மேல்பக்கம்தான், அதை நம்பிப் பணம் போடாதீர்கள். பார்சலில் வாங்கியபோது எனக்கு ஐந்து பாகத்தில் மூன்றாவது வரவில்லை, பார்சல்காரர் அண்ணனைக் கை காட்டினார், அண்ணன் பார்சல்காரரைக் கை காட்டினார். நேரில் போய்த் தூக்கிவருவதே உத்தமம். ஜிபே உண்டு. ஞாயிறு காலை திறப்பார், மற்ற நாளில் மதியச் சாப்பாட்டுக்கு மூடினால் நாலு மணி ஆகும்.

விலை கட்டுக்கு 1,200 முதல் 4,500 வரை. பேரம் உண்டு, ஆனால் புத்தகத்தைக் குறைசொல்லிப் பேரம் பேசினால் படிய மாட்டார், அதில் எத்தனை மணிவிழா மலர் இருக்கிறது என்று எண்ணிக் காட்டிப் பேசினால் உடனே இறங்கிவிடுவார், அவருக்கும் தெரியும். கேசட் வாங்குகிறவர்கள் ஒரு வாக்மேன் கொண்டுபோங்கள், கடையில் இருக்கிற டேப்ரெக்கார்டர் நாடாவைத் தின்கிறது. நான் கடைசியாகப் பார்த்தபோது நெற்குப்பைக் கட்டு அப்படியே இருந்தது. 1,800 சொல்வார். அடியில் பழைய ஜோசியப் பத்திரிகைக்கும் ருஷ்ய நாவல் மொழிபெயர்ப்புகளுக்கும் நடுவில் யாரோ பென்சிலில் எழுதிய ஒரு நாடகம் இருக்கிறது, பாத்திரங்கள் பெயரெல்லாம் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரியே தெரிகிறது. 1,200க்குக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்.